மில்காரர் வீட்டுக் கல்யாணம்

வயலின் கையில் இருப்பவர்கள் மேலே படிப்பதற்கு முன் இந்த ஒரு வரியை வாசித்துப் பாருங்கள். இல்லாதவர்கள் பாடிப் பாருங்கள்.

ப, | ஸ,,ஸ ஸ,க, | ரி,,ஸ ரி,க, | ஸ,,ஸ க,ப, | த,,,

முதல் ப மட்டும் கீழ் ஸ்தாயி. ஒவ்வொரு காற்புள்ளியும் முன்னால் உள்ள ஸ்வரத்தை ஒரு அட்சரம் நீட்டும். ஒரு கட்டத்துக்கு எட்டு அட்சரம். மோகனத்தில் ஒரு வர்ணம் பாடமான எந்தப் பிள்ளைக்கும் இது உடனே கைவந்துவிடும். ம கிடையாது, நி கிடையாது. ஆனால் இரண்டாவது கட்டம் முடிவதற்குள் இது நம் ஊர்ச் சரக்கு இல்லை என்பது காதுக்குத் தெரிந்துவிடும். டிசம்பர் 31 நள்ளிரவில் எத்தனையோ ஊர்களில் கைகோத்துக்கொண்டு பாடுகிற ஸ்காட்லாந்துப் பாட்டு 'ஆல்ட் லாங் சைன்' இது.

என் அக்கா மகன் பரங்கிமலை ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்த நாளில்தான் இந்த மெட்டு எனக்குள் இறங்கியது. வெயில் ஏறுவதற்கு முன்பே மைதானத்து ஓரத்தில் எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். அணிவகுப்பு முடியப்போகிற நேரத்தில் பேண்டு வேகத்தைக் குறைத்தது. பையன்களும் பெண்களும் ஒவ்வொரு காலையும் ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தி நிறுத்தி வைத்து, மெதுநடையில் எங்களைக் கடந்து போனார்கள். பேண்டு வாசித்தது இதைத்தான். அக்கா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஐந்தே ஸ்வரத்துக்குள் இவ்வளவு துக்கத்தை யார் கொண்டுவந்து வைத்தது என்ற கேள்வி வீடு வந்து சேர்ந்த பிறகும் என்னை விடவில்லை.

தேடப் போனபோது கிடைத்த பதில் தூக்கிவாரிப் போட்டது. துக்கத்தை யாருமே வைக்கவில்லை. இது ஆட்டத்துக்கு வாசித்த மெட்டு.

ஸ்காட்லாந்தின் தேசிய நூலகம் தன்னிடமுள்ள பழைய இசைப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. எடின்பரோவில் வாத்தியம் செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஜான் கிளென் 19-ஆம் நூற்றாண்டில் சேர்த்து வைத்த புத்தகங்களும் அதில் இருக்கின்றன. ராத்திரி சமையலறையை மூடிய பிறகு, மடிக்கணினியில் அந்தப் பழுப்பேறிய பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் வயலினோடு நான் உட்கார்ந்திருந்த நாட்கள் நிறைய. நம் சங்கீதத்தில் ஒரே கீர்த்தனை இரண்டு குருகுலத்தில் இரண்டு விதமாக வந்தால் அதைப் பாடாந்தரம் என்கிறோம். அங்கே அதற்கு 'செட்டிங்' என்று பெயர். ஒரு மெட்டின் பாடாந்தரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நமக்குப் பழகிய வேலைதான். அதனால் இந்தத் தேடலில் எனக்கு அந்நியமாக எதுவும் படவில்லை.

இன்று நாம் கேட்கிற மெட்டு, அடையாளம் தெரிகிற உருவத்தில் அச்சில் வருவது 1759 வாக்கில். எடின்பரோவில் இசைக்கடை வைத்திருந்த ராபர்ட் பிரெம்னர், 1757-இலிருந்து 1761 வரை பகுதி பகுதியாக ஒரு ரீல் தொகுப்பு வெளியிட்டார். ரீல் என்பது வேகமான ஆட்ட வகை. அந்தத் தொகுப்பில் இந்த மெட்டுக்குப் பெயர் 'தி மில்லர்ஸ் வெட்டிங்'. மாவு அரைக்கும் மில்காரர் வீட்டுக் கல்யாணம். வார்த்தை ஒன்றும் கிடையாது, பாட வேண்டிய அவசியமும் கிடையாது. ஃபிடில்காரர் வாசிப்பார், ஜனங்கள் ஆடுவார்கள்.

ஃபிடில் என்றால் வயலினேதான், வேறு வாத்தியம் இல்லை. ஆட்டத்துக்கும் ஊர் விசேஷத்துக்கும் வாசிக்கிறபோது அந்தப் பெயர்.

கல்யாணம் என்றதும் ஒரு ஓவியம் ஞாபகத்துக்கு வருகிறது. டேவிட் ஆலன் 1780-இல் வரைந்தது, பிளேர் ஆத்தோல் என்ற ஊரில் நடக்கும் மலைநாட்டுக் கல்யாணம். வெட்டவெளியில் ஜனங்கள் ஆடுகிறார்கள். நீல் கௌ என்ற பேர்பெற்ற ஃபிடில்காரர் வாசிக்கிறார், அவர் சகோதரர் டொனால்ட் செல்லோ என்ற பெரிய, கனத்த குரல் வாத்தியத்தை வாசிக்கிறார். அந்தச் செல்லோவைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஃபிடில் புத்தகங்களில் மேல் வரியில் மெட்டு, கீழ் வரியில் செல்லோவுக்கான பேஸ் என்று இரண்டு வரி அச்சாகியிருக்கும். பேஸ் வரி பெரும்பாலும் எளிமையானது, ஆடுபவன் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று காட்டுவது. மிருதங்கம் இல்லாத ஊரில் மிருதங்கத்தின் வேலையைச் செல்லோ பார்த்திருக்கிறது.

1780-களில் இதே மெட்டு 'தி மில்லர்ஸ் டாட்டர்' என்ற பெயரிலும் அச்சாகிறது. மில்காரர் மகள். கல்யாணம் யாருக்கு என்பது அதில் தெளிவாகிவிடுகிறது.

1784-இல் நீல் கௌவின் முதல் தொகுப்பு வெளிவருகிறது. நான் அதிக நேரம் செலவழித்தது இந்தப் பாடாந்தரத்தில்தான். நீல் கௌ 1727-இல் பிறந்தவர். டன்கெல்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இன்வர் என்ற சிற்றூர்க்காரர். ஆத்தோல் கோமகன் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தவர். ஹென்றி ரேபர்ன் வரைந்த அவருடைய படத்தில், கட்டம் போட்ட கால்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். கிராமத்துக் கச்சேரிக்கு வந்த மூத்த நாயனக்காரரின் முகக்களை அதில் உண்டு. அவருடைய மகன் நதானியல் எடின்பரோவில் பதிப்பாளராக ஆனவர். அப்பாவின் கையும் மகனின் வியாபாரமும் சேர்ந்துதான் அந்தப் புத்தகங்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன.

அந்தத் தொகுப்பில் மில்காரரைக் காணோம். மெட்டுக்குப் புதுப் பெயர்: 'சர் அலெக்சாண்டர் டான்ஸ் ஸ்ட்ராத்ஸ்பே'. ஆதரவு தரும் பிரபுவின் பெயரை மெட்டுக்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். அவர் புத்தகத்துக்குச் சந்தா கட்டுவார், தன் வீட்டு நடன இரவுக்கு வாசிக்கக் கூப்பிடுவார். இதில் அடிபட்டவர்களும் இருந்தார்கள். வில்லியம் மார்ஷல் போன்ற இசைஞர்கள் இயற்றிய மெட்டுகள் கௌ குடும்பத்துப் புத்தகங்களில் வேறு பெயரில் வந்த பேச்சு அன்றே உண்டு. இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். ஒரு ஏழை மில்காரரின் கல்யாணம் கண்ணெதிரே ஒரு பிரபுவின் சொத்தாகிவிடுகிறது.

ஆனால் அந்தப் பெயர் மாற்றத்துக்குள் யாரும் திட்டமிடாத ஒரு முடிச்சும் இருக்கிறது. இந்த சர் அலெக்சாண்டர் டானின் மனைவி லேடி ஹேரியட், கிளென்கெய்ர்ன் பிரபுவின் தங்கை. கிளென்கெய்ர்ன்தான், ஆல்ட் லாங் சைன் வரிகளைத் தந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸை எடின்பரோவில் கைதூக்கிவிட்டவர். பர்ன்ஸ் தன் கவிதைக் கையெழுத்துப் பிரதிகளை லேடி ஹேரியட்டுக்குக் கொடுத்திருக்கிறார். கணவர் பெயரில் மெட்டு, மனைவி கையில் கவிஞரின் எழுத்து. மெட்டும் கவிஞரும் பாட்டில் ஒன்றுசேர்வதற்குப் பல வருஷம் முன்பே ஒரே வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

ஸ்ட்ராத்ஸ்பே என்ற சொல்லுக்கு வருகிறேன். ஸ்பே நதியின் அகன்ற பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர். அங்கே பிறந்த ஆட்டத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. ரீலைவிட நிதானமாகப் போகும், ஆனால் ரீலைவிட வெட்டு அதிகம். அந்த வெட்டுக்கு 'ஸ்காட்ச் ஸ்னாப்' என்று பெயர். மேலைச் சங்கீதப் புத்தகங்களில் இதற்குக் கால்பங்கு, முக்கால்பங்கு என்று கணக்குப் போட்டு விளக்கியிருப்பார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. 'வீடு' என்று சொல்லுங்கள்: நெடில், குறில். 'நிலா' என்று சொல்லுங்கள்: குறில், நெடில். நிலா என்கிறபோது நி-யில் அழுத்தம் கொடுத்து, லா-வுக்குத் தாவி, அங்கே நின்றால் அதுதான் ஸ்னாப். ஸ்ட்ராத்ஸ்பே முழுவதும் வீடு நிலா, வீடு நிலா என்றுதான் ஓடும்.

இப்போது முதலில் கொடுத்த வரியை மறுபடி எடுங்கள். ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி இரண்டு ஸ்வரத்தின் நீளத்தை மட்டும் மாற்றுங்கள்:

ப, | ஸ,,ஸ ஸக,, | ரி,,ஸ ரிக,, | ஸ,,ஸ கப,, | த,,,

வீடு நிலா, வீடு நிலா, வீடு நிலா. இது கௌ அச்சிட்ட பக்கத்தின் நகல் இல்லை. அந்த நடை கைக்குப் புரிவதற்காக நானே போட்டுக்கொண்ட பயிற்சி. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி நான்கு தடவை விடாமல் வாசித்துப் பாருங்கள். பரங்கிமலை மைதானத்தில் என்னை அழவைத்த அதே ஐந்து ஸ்வரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொல்கிறது. முதல் தடவை இதைச் செய்த ராத்திரி நான் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

பாடாந்தரங்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் ஸ்வர வேறுபாட்டைத்தான் தேடுவார்கள், இங்கே ரி வந்திருக்கிறது, அங்கே க வந்திருக்கிறது என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இந்த மெட்டைப் பொறுத்தவரை அந்த வழி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. இதன் எலும்புக்கூடு எல்லாப் பாடாந்தரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியதெல்லாம் குறிலும் நெடிலும். அச்சில் அது ஒரு புள்ளி, ஒரு வால், அவ்வளவுதான். அந்தப் புள்ளி இடம் மாறினால் கல்யாணம் கண்ணீராகிவிடுகிறது.

வயலினில் இதை வாசிக்கப் போனபோது என் கை எதிர்த்தது. இருபது வருஷம் கர்நாடக சங்கீதம் வாசித்த இடது கை, க-வைக் கண்டதும் தானாக அசைக்கப் பார்க்கும். அசைத்தால் மெட்டு செத்துவிடுகிறது. அந்த ஊர்க்காரர்களின் நயமெல்லாம் வலது கையில், வில்லில் இருக்கிறது. ஒரே ஸ்வரத்தை வில்லை மணிக்கட்டால் உதறி 'தரத்' என்று மூன்றாக உடைப்பார்கள். அதற்கு 'பர்ல்' என்று பெயர், பேக்பைப்பின் விரல் வெட்டைப் போன்றது. நீல் கௌவின் புகழே அவருடைய மேல்வில்லில்தான். மற்றவர்கள் வில்லைக் கீழே இழுக்கும்போது கிடைக்கிற பலம் அவருக்கு மேலே தள்ளும்போதும் கிடைத்தது என்று அவரைக் கேட்டவர்கள் வியந்திருக்கிறார்கள். நாம் தரையில் சப்பணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் நாட்டி வாசிக்கிறவர்கள். வில்லை அப்படி வீச நமக்கு இடமே கிடையாது. நான் இதற்காக நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் பதிய வாசித்துப் பழகினேன். வில்லில் உதறல் ஓரளவு வந்தது அதற்குப் பிறகுதான்.

கௌ குடும்பத்துப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டியே வயலின் சென்னைப் பக்கம் ஐரோப்பியர்களோடு வந்து, பாலுசுவாமி தீட்சிதர் கைக்குப் போய், நம் சங்கீதத்துக்குள் நுழைகிறது. அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் 'காட் சேவ் தி கிங்' மெட்டுக்குச் 'சந்ததம் பாஹிமாம்' என்று சாகித்யம் போட்டார். நாம் சிறுவயதில் பாடிய நோட்டுஸ்வரங்கள் அந்தக் காலத்து பேண்டுகளும் ஃபிடில்களும் வாசித்தவற்றிலிருந்து பிறந்தவை. அந்த வயலின் நமக்கு வந்துவிட்டது. அதோடு வந்த ஆட்டத்து வில் மட்டும் நம் கையில் தங்கவில்லை.

இனி பர்ன்ஸ். இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது, ஏனென்றால் ஆல்ட் லாங் சைன் என்ற பெயரில் இரண்டு மெட்டு உண்டு.

பழைய மெட்டு ஒன்று, மில்காரர் கல்யாணத்தோடு சம்பந்தம் இல்லாதது. லண்டனில் ஹென்றி பிளேஃபோர்ட் 1700-இல் வயலினுக்கென்று அச்சிட்ட ஸ்காட்டிஷ் மெட்டுத் தொகுப்பிலேயே அது இருக்கிறது. 1720-களில் ஆலன் ராம்சே அந்த மெட்டுக்கு வேறு வார்த்தை எழுதினார். 1788 டிசம்பரில் பர்ன்ஸ் தன் சிநேகிதி திருமதி டன்லப்புக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பழைய பாட்டும் மெட்டும் தன் உள்ளத்தைப் பலமுறை சிலிர்க்க வைத்ததாகச் சொல்லித் தன் வரிகளை எழுதி அனுப்புகிறார். ஜேம்ஸ் ஜான்சன் என்ற செதுக்குக்காரர் வெளியிட்ட 'ஸ்காட்ஸ் மியூசிகல் மியூசியம்' என்ற ஆறு பாகத் தொகுப்பின் ஐந்தாம் பாகத்தில், 1796-இல், அந்த வரிகள் அந்தப் பழைய மெட்டோடுதான் அச்சாகின்றன. 413-ஆவது பாட்டு.

அதே பர்ன்ஸ் 1793-இல், பாட்டுத் தொகுப்பு வெளியிட்டுவந்த ஜார்ஜ் தாம்சனுக்கு எழுதும்போது, மெட்டு சுமார்தான், ஆனால் வார்த்தைகள் எந்த மெட்டையும் தூக்கி நிறுத்தும் என்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன் சிலிர்க்க வைத்த மெட்டு எப்படிச் சுமாரானது? என் ஊகம், கடிதம் யாருக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. தாம்சன் எடின்பரோவில் அரசு வாரியம் ஒன்றில் குமாஸ்தா. நாட்டுப் பாட்டுகளைப் பெரிய மனிதர் வீட்டுக் கூடத்துக்கு ஏற்றபடி துடைத்து மெருகேற்ற வேண்டும் என்ற வெறி பிடித்தவர். மெட்டுகளை வியன்னாவுக்கு அனுப்பி, கோஷெலுக், ஹைடன், பீத்தோவன் ஆகியோரிடம் பக்கவாத்தியம் எழுதி வாங்கியவர். பலமுறை வார்த்தைகளை அனுப்பாமல் மெட்டை மட்டும் அனுப்பியிருக்கிறார். பாட்டு அழுகிறதா சிரிக்கிறதா என்றே தெரியாமல் பீத்தோவன் எழுத வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவரிடம் தான் உயிராக நினைக்கிற பழைய மெட்டைப் பர்ன்ஸ் அடக்கித்தான் பேசியிருப்பார். 1794-இல் எழுதிய இன்னொரு கடிதத்தில், சாதாரண ஸ்காட்டிஷ் ஆட்ட மெட்டாகக் கேட்கக்கூடிய வேறொரு மெட்டைப் பற்றியும் குறிப்பிடுகிறார்.

அந்த ஆட்ட மெட்டு அவருக்குப் புதிதே இல்லை. 1787 ஆகஸ்டில் டன்கெல்டில் நீல் கௌவை நேரில் சந்தித்து, அவர் வாசிக்கக் கேட்டவர் பர்ன்ஸ். ஜான்சனின் தொகுப்பிலேயே 1792-இல் வந்த நான்காம் பாகத்தில், கூலிக்கு வைத்த உழவனைப் பற்றிய 'ஓ கேன் யே லேபர் லீ' என்ற பாட்டு இந்த மில்காரர் மெட்டின் உருவத்தில் இருக்கிறது. உனக்குத் தரிசு உழத் தெரியுமா என்று ஒரு பெண் கேட்கிறாள். அவள் உழவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது கேட்பவருக்குப் புரியும். இன்னொன்றும் உண்டு. ஆல்ட் லாங் சைன் 413-ஆவதாகப் பழைய மெட்டோடு அச்சான அதே ஐந்தாம் பாகத்தில், நான்கு பாட்டு தள்ளி 417-ஆவதாக 'கமிங் த்ரோ தி ரை' இருக்கிறது. அதன் மெட்டும் மில்காரர் கல்யாணத்தின் வாரிசுதான். இரண்டையும் அடுத்தடுத்து முணுமுணுத்துப் பாருங்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். பிற்காலத்தில் ஒன்றுசேரப் போகிற வார்த்தையும் மெட்டும் ஒரே புத்தகத்தில், சில பக்கங்களுக்கு இடையில், ஒன்றையொன்று தெரியாமல் கிடந்திருக்கின்றன.

அந்தப் பக்கங்களை மடிக்கணினியில் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1799-இல் தாம்சன் தன் தொகுப்பில் பர்ன்ஸின் வரிகளை மில்காரர் மெட்டுக்கு ஏற்றி அச்சிட்டார். உலகம் பாடுவது அதைத்தான். பர்ன்ஸ் 1796 ஜூலை 21-ஆம் தேதியே காலமாகிவிட்டார். தன் பாட்டு இந்த மெட்டோடு அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

நடுவில் இங்கிலாந்து இசையமைப்பாளர் வில்லியம் ஷீல்ட் பற்றி ஒரு வார்த்தை. 1782 கடைசி நாளில் லண்டன் கோவென்ட் கார்டனில் அரங்கேறிய அவருடைய 'ரோசினா' என்ற இசை நாடகத்தின் முன்னிசை, இந்த மெட்டைப் பேக்பைப் சாயலில் வாசித்துத்தான் முடிகிறது. அதனால் மெட்டே அவருடையது என்று அவருடைய ஊர்ப்பக்கம் இன்றும் பெருமை பேசுவார்கள். பிரெம்னர் புத்தகம் வந்தபோது ஷீல்டுக்கு வயது 11. இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இப்போது ஸ்காட்லாந்தில் நாட்டுப்பாடல் பாடுகிற பலர் பழைய மெட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். தாம்சன் கெடுத்துவிட்டார், கவிஞர் நினைத்த மெட்டு இதுதான் என்பது அவர்கள் வாதம். ஒரு வருஷம் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பழைய மெட்டு தனியாக உட்கார்ந்து பாட அவ்வளவு பாங்கானது. பாட்டின் நடுச் சரணத்தை அதில் கேட்க வேண்டும்: நாம் இருவரும் விடிந்ததிலிருந்து சாப்பாட்டு வேளை வரை ஓடையில் அளைந்து விளையாடினோம், அதற்குப் பிறகு நமக்கு நடுவே கடல்கள் இரைந்துவிட்டன. ஓடை கடலான அந்த இடத்தில் பழைய மெட்டு தயங்கி வளைந்து இறங்கும்போது தொண்டை அடைக்கும்.

ஆனால் பாட்டு அங்கே முடிவதில்லை. கடைசிச் சரணத்தில் கை நீள்கிறது. இந்தா என் கை, உன் கையைக் கொடு, மனமார ஒரு மடக்குக் குடிப்போம். அது தனியாள் நினைவு இல்லை, கூடத்தில் நிற்கிற இரண்டு பேர். ஸ்காட்லாந்தில் அந்தச் சரணம் வரும்போதுதான் வட்டமாக நிற்பவர்கள் கையைக் குறுக்காகக் கோத்துக்கொள்வார்கள். புத்தாண்டு ஆட்டம் முடிகிற இரவுகளில் அப்போதே பாட்டின் வேகமும் கூடிவிடும், வட்டம் நடுவை நோக்கிப் பாயும். மெட்டு தன் பழைய காலைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. அந்தக் கைக்கு ஆட்ட மெட்டுதான் பொருத்தம் என்பது இன்று என் முடிவு. தாம்சனின் மெருகு எனக்குப் பிடிக்காது. பாட்டுகளின் வார்த்தையைத் திருத்தியதற்காகவும் மெட்டுகளின் முனையை மழுக்கியதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இந்த ஒரு பாட்டுக்கு அவர் தேர்ந்த மெட்டு சரி. பிழை வேகத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வந்த எல்லோரும் சேர்ந்து அதை மெதுவாக்கினார்கள்.

மெதுவானதற்கு மெட்டின் அமைப்பும் இடம் கொடுத்தது. பாட்டின் பல்லவி வருகிற இடத்தைப் பாருங்கள்:

த, | ப,,க க,ஸ, | ரி,,ஸ ரி,த, | ப,,க க,ப, | த,,, ,,ஸ,

கடைசி ஸ மேல் ஸ்தாயி. இதற்கு முன் சரணத்தின் பின்பாதியும் 'ப,,க க,ஸ, | ரி,,ஸ' என்றுதான் ஆரம்பித்தது. பல்லவியின் பின்பாதியும் மறுபடி அதே வழியில் வந்து கீழ் ஸ்தாயி த, ப தொட்டு ஸ-வில் உட்காருகிறது. இரண்டு பகுதியும் வெவ்வேறு இடத்தில் புறப்பட்டு ஒரே வாலில் முடிவது ஆட்ட மெட்டின் இலக்கணம். ஆடுகிறவனுக்கு முடிவு முன்கூட்டியே காலில் தெரிய வேண்டும். அதே இலக்கணம், வேகம் குறைந்ததும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிற குரலாகக் கேட்கிறது. மேல் ஸ்தாயி ஸ-வை மெட்டு ஒரே ஒரு தடவை எட்டித் தொட்டுவிட்டு இறங்குகிறது. ஆட்டத்தில் அது ஒரு துள்ளல். மெதுநடையில் அது ஒரு விம்மல்.

ஊர் விட்டு ஊர் போனபோது இதன் நடையும் மாறிக்கொண்டே போயிருக்கிறது. தாகூர் 'புரானோ ஷெய் தினேர் கொதா' என்று வங்காளத்தில் பாட்டெழுதினார். ஜப்பானில் 1881-இல் பள்ளிப் பாட்டாக, மின்மினி வெளிச்சத்தில் படித்த நாட்களைப் பற்றிய வரிகளோடு போனது. 1940-இல் வந்த 'வாட்டர்லூ பிரிட்ஜ்' படத்தில் இதை மூன்று மூன்றாக எண்ணுகிற வால்ட்ஸாக ஆக்கினார்கள். அந்த வால்ட்ஸ் வடிவம் ஜப்பானியக் கடைகளில் கடை சாத்துகிற நேரத்துக்கு அறிவிப்பாகவே நிலைத்துவிட்டது. கொரியர்கள் 1948 வரை தேசியப் பாடலை இந்த மெட்டில் பாடினார்கள், மாலத்தீவினர் 1972 வரை. எங்குமே ஸ்னாப் போகவில்லை. நிலா இல்லாமல் வெறும் வீடு மட்டும் கப்பலேறியிருக்கிறது.

போன மாதம் அக்கா மகன் லீவில் வந்திருந்தான். இப்போது கேப்டன். கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், ஸ்ட்ராத்ஸ்பே நடையில் ஆரம்பித்தேன். முதல் சுற்றில் அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது சுற்றில் பல்லவி வந்ததும் மொபைலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். சுவரோரமாகப் போய் நின்று, அன்று மைதானத்தில் நடந்தது போலவே காலை அந்தரத்தில் நிறுத்தி ஒரு அடி வைத்துப் பார்த்தான். அடுத்த அடிக்குள் மெட்டு அவனைத் தாண்டிப் போய்விட்டது.

"சித்தி, இதுக்கு ஸ்லோ மார்ச் போனா கால் தடுக்கும்."

"தடுக்கட்டும்டா, ஆடு."

அக்கா கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுடைய வலது கால் பெருவிரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. தட்டுவது அவளுக்கே தெரியவில்லை.

"இது அன்னிக்கு வாசிச்ச பாட்டா?"

"அதேதான்க்கா."

"நிஜமாவா? இன்னொரு தடவ வாசிடி."